ஆறாவது பிழை

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு ‘எதுத்த வீட்டு நியாயம்’ என்னும் நகைச்சுவைத் தொடரின் புதிய பகுதி இணையத்தில் வெளியாகும். பிற்பகல் ஒரு மணிக்கெல்லாம் அதன் கீழே சுல்தான் பீவியின் பட்டியல் வந்துவிடும். இடைப்பட்ட இரண்டு மணி நேரத்துக்குள் சண்முகப்பிரியா சமைத்துப் பரிமாறித் தானும் உண்டு முடித்துவிட வேண்டும். பட்டியலைப் படித்த பிறகு உட்கார்ந்தால் சோறு இறங்காது.

“வந்துட்டா?” என்று கேட்பார் கணவர் பரமேஸ்வரன், மோர்ச்சோற்றைப் பிசைந்தபடி.

“வந்துட்டு.”

“எத்தன?”

“நாலு.”

“போன வாரம் ஏழுல்லா? அப்ப நீ பாஸு.”

அவருக்கு வேடிக்கை. அவள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். பட்டியலின் நடை எப்போதும் ஒன்றே: ‘மூணாம் நிமிசம், மாமியார் கையில வளையல் எட்டு. மூணேகால் நிமிசம், ஆறு. மிச்சம் ரெண்டும் எங்க? உடைஞ்ச சத்தமும் கேக்கலயே.’

சுல்தான் பீவி தென்காசியில் வளையல் கடை வைத்திருப்பவர், அறுபதை நெருங்கிக்கொண்டிருப்பவர். முப்பது ஆண்டுகளாக ஊரார் கைகளையே பார்த்துவந்த கண்கள் அவை. கைப்பேசியில் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார் என்று கேள்வி. ஆண்டவன் அந்தக் கண்களை அந்த அம்மாளுக்குக் கொடுத்ததில் சண்முகப்பிரியாவுக்கு மறுப்பில்லை. அவற்றைக் கொண்டு பார்க்க அவளுடைய தொடரையே காட்டியதில்தான் மனத்தாங்கல்.

சண்முகப்பிரியாவின் வேலைக்குத் தமிழில் நல்ல பெயர் இன்னும் அமையவில்லை. படப்பிடிப்பில் ‘கண்டினியூட்டி அக்கா’ என்பார்கள். கதையில் ஐந்து நிமிடத்தில் நடந்து முடியும் ஒன்றைப் படம்பிடிக்க இரண்டு நாளாகும். முதல் நாள் இடக்கையில் காப்பி டம்ளருடன் எழுந்த மனிதர், மறுநாள் வாசற்படியைத் தாண்டும்போதும் அதே டம்ளரை அதே கையில் அதே அளவு காப்பியுடன் வைத்திருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதே அவள் பணி. ஒரு தனியார் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் பதினெட்டு ஆண்டுகள் குடுவைகளை எண்ணி வைத்தவள்; பாடப்பிரிவையே மூடிவிட்டதால் வீட்டுக்கு வந்தவள். அவளுடைய தம்பியோடு படித்த விஜயசங்கர் சென்னையில் சில காலம் உதவி இயக்குநராக இருந்துவிட்டு ஊர் திரும்பித் தொடர் எடுக்கத் தொடங்கியபோது, “குடுவ எண்ணின கண்ணு, சொம்பையும் எண்ணும்லா? வாங்கக்கா” என்று அழைத்துப்போனான். ஒரு பதிவேடும் இரண்டு பேனாவும் வாங்கிக்கொண்டு அவளும் போனாள்.

குடுவைகள் குளிக்கப் போவதில்லை. நடிகர்கள் போவார்கள். அந்த வேறுபாட்டை அவள் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

தொடருக்காக வாடகைக்கு எடுத்த வீடு குத்துக்கல்வலசையில் இருந்தது. குற்றாலம் பக்கம். சீசன் தொடங்கி அருவியில் தண்ணீர் விழுகிறது என்ற சொல் காதில் விழுந்துவிட்டால், மதிய இடைவேளையில் சாப்பாட்டு வண்டியைக்கூட விட்டுவைக்காமல் எல்லோரும் ஏறிப் போய்விடுவார்கள். மாமியாராக நடிக்கும் மூக்கம்மாள்தான் முதலில் ஏறுவார்.

“அக்கா, காலையில தல காஞ்சிருந்துச்சு, ‘எம் மகளுக்கு என்ன கொற’ன்னு மருமகன்கிட்ட கேட்டீங்க. இப்ப சொட்டச் சொட்ட நின்னுக்கிட்டு ‘அதச் சொல்லுங்க மொதல்ல’ன்னா எப்படி? ரெண்டும் ஒரே பேச்சுல்லா?”

“அதுக்கு என்னய என்ன செய்யச் சொல்லுத? ஐந்தருவியில அஞ்சு பக்கமும் தண்ணி விழுது. நான் ராயகிரியில இருந்து வந்து இங்கன ஃபேனுக்கு அடியில உக்காந்திருக்கவா?”

மூக்கம்மாளின் கூந்தலை ஊதிக் காயவைத்து முடிப்பதற்குள் வெயில் போய்ச் சாரல் விழும். சன்னல் வழியே சாரல் தெரியாதிருக்கத் திரையை இழுத்து மூடினால், காலையில் திறந்திருந்த திரை இப்போது ஏன் மூடியிருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்குக் கேள்வி வரும்.

மருமகனாக நடிக்கும் கதைநாயகன் சுந்தரபாண்டி செய்தது இதனினும் கொடுமை. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போனவன், பாதி எடுத்த காட்சியைப் பாதியிலேயே விட்டுப்போனவன், மொட்டைத் தலையுடன் திரும்பிவந்தான்.

“நேந்துக்கிட்டதுக்கா. இந்தக் காட்சி முடியட்டும், பொறவு மொட்டையடிக்கேன்னு சாஸ்தாகிட்ட சொல்லவா?”

முடியுடன் அடுக்களைக்குள் நுழைந்த மருமகன், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். வசனத்தில் ஒரு தலைவலியைச் சேர்த்துச் சமாளித்தார்கள். சுல்தான் பீவி எழுதினார்: ‘துண்டு எதுக்குன்னு உத்திரத்துக்குப் போன ஊரே அறியும். அத விடுங்க. துண்டு கலரு மூணு தடவ மாறுதே, அதுக்கு எந்தச் சாமி?’

ஆனால், இவர்கள் எல்லோரையும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் ஆவுடைநாயகத்தை அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆவுடைநாயகம் பழைய நிலக்காரக் குடும்பத்தவர், கோயில் காரியங்களில் முன்நிற்பவர், குரல் உயர்த்தாதவர். முன்கூடத்தைப் படப்பிடிப்புக்கு விட்டுவிட்டுப் பின்கட்டில் மனைவியுடன் இருந்தார். விடியற்காலையில் குளித்துத் திருநீறு பூசியதும், காப்பிக்கும் முன்னால், முன்கூடத்துச் சுவரில் தொங்கும் நாட்காட்டியின் முதல் தாளைக் கிழிப்பார். ராகுகாலமும் சந்திராஷ்டமமும் படித்த பிறகுதான் அந்த வீட்டில் பொழுது தொடங்கும். கதையில் பன்னிரண்டாம் தேதி முடியாமலிருக்கும்போது சுவரில் பதின்மூன்று வந்துவிடும்.

“அண்ணாச்சி, ரெண்டு நாளைக்கு மட்டும் கிழிக்காம விடுங்களேன்.”

“போன தேதிய மாட்டி வச்சிருந்தா வீட்ல காரியம் நின்னு போகும், தாயி. ஒங்க படம் ஓட வேண்டாமா?”

அதே அச்சகத்தின் நாட்காட்டி ஒன்றை அவள் வாங்கிவந்து, வீட்டுக்குரியதைப் பின்கட்டில் மாட்டிவிட்டு, புதியதைப் படப்பிடிப்புக்கென முன்கூடத்தில் மாட்டினாள். மறுநாள் காலையில் இரண்டிலும் தாள் கிழிந்திருந்தது.

“அண்ணாச்சி, இது நடிக்கதுக்கு உள்ள காலண்டரு.”

“இருக்கட்டும் தாயி. அதுவும் என் வீட்டுச் சொவத்துலதான தொங்குது?”

அதன் பிறகு அவள் பையில் பசை டப்பா ஒன்று குடியேறியது. காலையில் தளத்துக்கு வந்ததும் குப்பைக்கூடையில் நேற்றைய தாளைத் தேடியெடுத்து, சுருக்கம் நீக்கி, மீண்டும் ஒட்டுவாள். ஓடிவிட்ட நாளை ஒட்டி வைப்பதற்கென்றே ஒருத்தி சம்பளம் வாங்குகிறாள் என்று பரமேஸ்வரன் உறவினர் வீடுகளிலெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

தொண்ணூறாம் பகுதி வெளியான வாரம், தொடரை வெளியிடும் நிறுவனத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளரான அபர்ணா சென்னையிலிருந்து காணொளி அழைப்பில் வந்தாள். இருபத்தேழு வயது, எதற்கும் கலங்காத முகம்.

“மேம், கன்கிராட்ஸ்! உங்க மிஸ்டேக்ஸ்தான் நம்ம ஷோவோட பெரிய ப்ளஸ்.”

“என் மிஸ்டேக்கா?”

“அந்த பேங்கிள் ஷாப் அம்மா லிஸ்ட் போடுறாங்க இல்ல? அத செக் பண்றதுக்காகவே ஜனங்க எபிசோட ரெண்டாவது வாட்டி பாக்கறாங்க. ஸோ, இனிமே நாமளே வாரத்துக்கு அஞ்சு மிஸ்டேக் வைக்கிறோம். கரெக்டா அஞ்சையும் கண்டுபிடிக்கிறவங்கள்ல ஒருத்தருக்கு கிரைண்டர் பரிசு. மிஸ்டேக் வைக்க உங்கள விட்டா யாரு இருக்கா?”

இரண்டு ஆண்டுகளாக எதை வரவிடாமல் வாசலிலேயே நின்று விரட்டினாளோ, அதை வாரம் ஐந்தாக விருந்துக்கு அழைக்கச் சொன்னார்கள். முடியாது என்று சொல்ல அவள் வாயெடுத்த நேரத்தில் விஜயசங்கர் குறுக்கிட்டான்: “நூறாவது பகுதியில இருந்து டைட்டில்ல உங்க பேரு தனியா வரும்க்கா. ஒத்தப் பேரு. மூணு செகண்டு.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். தொண்ணூறு பகுதிகளில் தேநீர் கொடுப்பவர் பெயர் வந்துவிட்டது. ஜெனரேட்டர் வண்டிக்காரர் பெயர் வந்துவிட்டது. அவள் பெயர் வந்ததில்லை. ‘தப்புக்கு இன்னார்தான் காரணம்னு காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிரும்லா’ என்று அவன் காரணம் சொல்லியிருந்தான். நாத்தனார்மார் இருவரும் இன்றுவரை, “பிரியா ஷூட்டிங் வேடிக்க பாக்கப் போறா” என்றே ஊரில் சொல்லிவந்தார்கள். அந்த மூன்று வினாடியை அவர்கள் வீட்டுக் கூடத்தில் அவர்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அதை ஆசை என்று ஒப்புக்கொள்ள வெட்கமாகவும் இருந்தது.

பிழை வைப்பது பிழை தடுப்பதைவிடக் கடினம் என்பதை முதல் வாரமே கண்டாள். பிழை கண்ணில் பட வேண்டும். ஆனால் உடனே பட்டுவிடக் கூடாது. பித்தளைச் சொம்பை எவர்சில்வராக மாற்றினாள். மருமகனின் கடிகாரத்தை இடக்கையிலிருந்து வலக்கைக்கு நகர்த்தினாள். காட்சி எடுக்கத் தொடங்குமுன் திரும்பிப் பார்த்தால் பித்தளைச் சொம்பே இருந்தது.

“நான்தான்க்கா எடுத்து வச்சேன்” என்றான் கலைப்பிரிவு உதவியாளன் இசக்கிமணி, பெருமிதத்துடன். “சொம்பு மாறிக் கெடந்துச்சு. நீங்க ஏசுறதுக்கு முன்னால சரி பண்ணிட்டேன்.”

இரண்டு ஆண்டுகளில் ஒருநாளும் ஒரு பொருளை இருந்த இடத்தில் வைத்தறியாதவன் அவன்.

“ஏலே, அது தப்பா இருக்கணும்லே!”

“அப்ப இத்தன நாளும் தப்பா வச்சதுக்கு எதுக்கு ஏசினீங்க?”

அன்றுமுதல் தளத்தில் அவள் தன் ஐந்து பிழைகளைக் காவல் காத்தாள். யாராவது அவற்றைத் திருத்திவிடுவார்களோ என்று இமைக்காமல் பார்த்தாள்.

தொண்ணூற்றெட்டாம் பகுதியில் மருமகனின் திருமண நாள் விருந்து. கதையில் பதினான்காம் தேதி. எடுத்ததும் அதே தேதியில்தான். இலை போட்டுச் சாம்பார் ஊற்றுவது வரை முதல் நாள் முடிந்தது. மறுநாள் ரசத்திலிருந்து எடுத்தார்கள். சொம்பு, கடிகாரம், அப்பளம், சன்னல் திரை, குடை என ஐந்தையும் அவள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். இசக்கிமணியை வாசலுக்கு வெளியே நிறுத்தினாள். பதிவேட்டில் ஐந்துக்கும் நேராகக் குறியிட்டாள். சுவரைப் பார்க்கவில்லை. சுவரில் பதினைந்தாம் தேதி தொங்கியது. பையில் பசை டப்பா திறக்கப்படாமலே இருந்தது.

பகுதி வெளியான பிறகுதான் அவளுக்கே அது தெரிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் ஐந்து என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் மட்டும் ஆறு என்று எழுதியிருந்தார்.

நிறுவனம் அதை வேடிக்கையாக்கியது. ‘ஐந்துக்கு மேல் எண்ணிய தென்காசி நேயருக்கு ஆறுதல் பரிசாக ஒரு சிலேட்டு’ என்று சிரிக்கும் பொம்மைப் படத்துடன் பதிவிட்டது. அதன் கீழே ஊர் கூடியது. பாட்டிக்குக் கண்ணாடி மாற்றுங்கள் என்றார் ஒருவர். வளையல் விற்கும்போதும் இப்படித்தான் எண்ணுவாரோ என்றார் இன்னொருவர்.

மறுநாளே அபர்ணா அழைத்தாள். முடிவை அறிவிக்கும் காணொளியில் சண்முகப்பிரியாவே பேசப்போகிறாள் என்று அவளது படத்தைப் போட்டு விளம்பரம் செய்தாகிவிட்டது. “அஞ்சையும் சொல்லிடுங்க. காலண்டர் மட்டும் மிஸ்டேக் இல்ல, கதைப்படி அது நெக்ஸ்ட் டேன்னு ஒரு லைன். அவ்ளோதான் மேம்.”

“ஒரே பந்தி அபர்ணா. சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவுல எப்படி நெக்ஸ்ட் டே வரும்?”

“ஆறுன்னு ஒத்துக்கிட்டா மத்த இருநூத்திப் பன்னெண்டு பேரும் ராங். ஸ்பான்சர் என்ன கேப்பாங்க? நூறாவது எபிசோட் டைட்டில் கார்டு ரெடியா என் டேபிள்ல இருக்கு மேம். ப்ளீஸ்.”

அன்று மாலை அவள் தென்காசிக் கடைத்தெருவுக்குப் போனாள். எதற்குப் போகிறோம் என்பதில் அவளுக்கே தெளிவில்லை. இனிமேல் பட்டியல் போடாதீர்கள் என்று கேட்கலாம் என ஒரு நினைப்பு; மனத்தில் ஒத்திகையும் பார்த்திருந்தாள். சுல்தான் பீவி ஒரு பெண்ணுக்குக் கண்ணாடி வளையல் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் போகும்வரை நிமிரவில்லை.

“நீதானா அந்தக் கண்டினியூட்டி? விளம்பரத்துல பாத்தேன். உக்காரு.”

“பீவிம்மா, அந்தக் கிரைண்டரு...”

“எங்கிட்ட ரெண்டு கிரைண்டரு கெடக்கும்மா. அது யாருக்கு வேணும்?” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இன்னைக்குக் கல்யாண வீட்டுக்காரங்க வந்தாங்க. ஒம்போது டசன். நான் எண்ணி வச்சேன். அந்தப் பிள்ள திருப்பி எண்ணுது. என் முன்னாலயே! முப்பது வருசத்துல எவளும் என் எண்ணிக்கைய திருப்பி எண்ணினது கெடையாது.”

சண்முகப்பிரியா முக்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“நீயே சொல்லு. சாம்பார் ஊத்தும்போது என்ன தேதி?”

“பதினாலு.”

“ரசத்துக்கு?”

“பதினஞ்சு.”

“அப்ப யாருக்குடி கண்ணாடி மாத்தணும்?”

எழுந்து வெளியே வந்தாள். பேருந்தில் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆவுடைநாயகம் அந்த ஒரு நாள் கிழிக்காமல் இருந்திருக்கலாம். இசக்கிமணி எப்போதும்போல் பொறுப்பின்றி இருந்திருந்தால் அவள் கண் சுவருக்குப் போயிருக்கும். இந்த அம்மாளாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கேனும் விருந்துக்குப் போயிருக்கலாம். இத்தனை பகுதிகளில் அவள் வேலையை ஒழுங்காகப் பார்த்த ஒரே ஆள் இந்த அம்மாள்தான் என்ற நினைப்பு கூடவே வந்து, அந்தக் கோபத்தையும் முழுதாகப் பட விடவில்லை.

புதன்கிழமை பிற்பகல் ஆவுடைநாயகம் வீட்டு முற்றத்தில் காணொளி எடுக்க ஏற்பாடாயிற்று. அவள் முதன்முதலாகப் படக்கருவியின் முன்னால் நின்றாள். எழுதிக் கொடுத்த தாளை மடித்து விஜயசங்கரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“மனப்பாடமாயிட்டாக்கா?”

“ஆயிட்டு.”

அவன் கையசைத்தான். அவள் வலக்கையை உயர்த்தி ஒரு விரலைக் காட்டினாள்.

“ஒண்ணு, காலண்டரு. பதினாலாந்தேதி பந்தியில உக்காந்த மாப்பிள்ள, பதினஞ்சாந்தேதி ரசம் ஊத்திக்கிடுதாரு. இது நாங்க வேணும்னு வச்சது இல்ல, நான் பாக்காம விட்டது, ரெண்டு, சொம்பு...” விரல் இரண்டாயிற்று. கடிகாரத்துக்கு மூன்று, அப்பளத்துக்கு நான்கு, திரைக்கு ஐந்து. குடைக்கு இடக்கையின் கட்டைவிரல் எழுந்தது. “ஆக மொத்தம் ஆறு. ஆறுன்னு எழுதினது தென்காசி சுல்தான் பீவி ஒருத்தர்தான். அவங்கதான் சரியா எண்ணியிருக்காங்க.”

“கட்!” என்றான் விஜயசங்கர். “அக்கா, என்ன செய்யுதீங்க?”

“எண்ணுதேன்.”

“இன்னொரு டேக் போவோம். எழுதினத மட்டும் சொல்லுங்க.”

மீண்டும் எடுத்தார்கள். அதே சொற்கள்; விரல் அதே இடத்தில் எழுந்தது; ‘அப்பளம்’ என்னும்போது தலை அதே பக்கம் சாய்ந்தது. மூன்றாம் முறையும் அப்படியே. இசக்கிமணி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். விஜயசங்கர் திரையின் முன் அமர்ந்து, எடுத்ததை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தான். அவன் எதைத் தேடுகிறான் என்று அவளுக்குத் தெரியும். காலண்டர் பேச்சை வெட்டி எறிந்துவிட்டுச் சொம்பிலிருந்து தொடங்க முடியுமா என்று பார்க்கிறான்.

“வெட்டினா ரெண்டு விரல்ல ஆரம்பிக்குமேக்கா.”

“ஆமா.”

“ஆறுல வந்து முடியும்.”

“ஆமா.”

“நடுவுல மூச்சுகூட விடல நீங்க. வெட்டவே எடம் இல்ல.” அவன் தலையைச் சொறிந்தான். “வெட்டிப் போட்டா அந்தம்மா விடாது.”

“எப்படி விடும்?”

அவன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மாமரத்தடிக்குப் போனான். அபர்ணாவின் குரல் சன்னமாகக் கேட்டது; பிறகு இவன் குரல்; பிறகு நெடுநேரம் அவள் குரல் மட்டும். ஒருமுறை, “வேற ஆள வச்சு எடுக்கலாம், ஆனா போஸ்டர்ல அக்கா படம்லா போட்ருக்கோம்” என்றான். இன்னொருமுறை, “கிரைண்டர அந்தம்மாவுக்கே குடுத்துருவோம், வேற வழியில்ல” என்றான். சண்முகப்பிரியா நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. கால்கள் தரையில் வரைந்த சுண்ணாம்புக் குறியிலேயே இருந்தன. மேற்கே மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

அவன் திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“இதே போகுதுக்கா. ஆனா நூறாவதுல உங்க பேரு வராது. அபர்ணா சொல்லிட்டாங்க.”

அவள் ஒரு நொடி நாத்தனார் வீட்டுக் கூடத்தை நினைத்தாள். பிறகு வானத்தைப் பார்த்தாள்.

“சரி. இன்னொரு டேக் வேணுமா, வேண்டாமா? வேணும்னா இப்பவே சொல்லு. மொத மூணுலயும் என் மூஞ்சில வெயில் இருந்துச்சு. இன்னும் ரெண்டு நிமிசத்துல அது போயிரும்.”